கிரிக்கெட் மட்டைக்கு 5%, தம்பெல்லுக்கு 18%: ஃபிட்னஸ் கருவிச் சந்தை எந்தப் பக்கம் போகிறது?

2025 செப்டம்பர் 22 அன்று அமலுக்கு வந்த புதிய ஜிஎஸ்டி விகிதங்களில் ஒரு விநோதம் இருக்கிறது. ஜிம்முக்குக் கட்டும் சந்தா மீதான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கிரிக்கெட் மட்டை, கால்பந்து, பேட்மின்டன் ராக்கெட் போன்ற விளையாட்டுப் பொருட்களுக்கும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் டிரெட்மில், உடற்பயிற்சி சைக்கிள், தம்பெல், பார்பெல் போன்றவை மட்டும் பழையபடி 18 சதவீதத்திலேயே நிற்கின்றன. வரிப் பட்டியலில் "பொதுவான உடற்பயிற்சிக்கான கருவிகள்" என்று தனியாக ஒரு வரி உண்டு. விளையாட்டுப் பொருட்களுக்குக் கிடைத்த சலுகை அந்த வரிக்குக் கிடைக்கவில்லை.

அதாவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிரிக்கெட் ஆடுபவர் வாங்கும் மட்டைக்கு 5 சதவீதம். சர்க்கரை நோய்க்காக டாக்டர் "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று சொன்னதைக் கேட்டு ஒரு 55 வயதுக்காரர் வாங்கும் டிரெட்மில்லுக்கு 18 சதவீதம். குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏசிக்கும் என்ன வரியோ, அதேதான் தம்பெல்லுக்கும்.

இது வெறும் வரிப் பிரச்சினை அல்ல. உடற்பயிற்சிக் கருவியை அரசு எப்படிப் பார்க்கிறது, கம்பெனிகள் எப்படி விற்கின்றன, மக்கள் எப்படி வாங்குகிறார்கள் என்ற மூன்று கேள்விகளும் இதில் அடங்கியிருக்கின்றன. இந்தியாவின் ஃபிட்னஸ் கருவிச் சந்தை வளர்கிறது என்பதில் சந்தேகமில்லை. விற்ற கருவியில் ஏறி எத்தனை பேர் வேர்வை சிந்துகிறார்கள் என்பதுதான் கேட்கப்படாத கேள்வி.

இந்தியா எவ்வளவு அசைகிறது?

லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2024 ஜூனில் வெளியான ஆய்வின்படி, 2022-ல் இந்தியாவின் வயதுவந்தோரில் 49.4 சதவீதம் பேருக்குப் போதிய உடல் உழைப்பு இல்லை. 2000-ல் இது 22.3 சதவீதமாக இருந்தது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். போதிய உடல் உழைப்பு என்றால் மலையேறுவது ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகமான நடை மாதிரியான மிதமான பயிற்சி, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. நாளுக்கு 22 நிமிடத்துக்கும் குறைவான நடை. அதைக்கூட நாட்டில் பாதிப் பேர் செய்வதில்லை.

இதன் விளைவு எங்கே தெரிகிறது? சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தவர்கள் 39.5 சதவீதம். தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், அதிக எடையோ உடல் பருமனோ உள்ள பெண்கள் நாட்டளவில் 24 சதவீதம் என்றால், தமிழ்நாட்டில் 40.4 சதவீதம்.

அதே ஐசிஎம்ஆர் ஆய்வுத் தொடரின் முதல் கட்ட முடிவுகள் 2014-ல் இன்னொன்றையும் காட்டின. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் கேட்டபோது, ஓய்வு நேரத்தில் விருப்பப்பட்டு உடற்பயிற்சியோ விளையாட்டோ செய்பவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. உடல் உழைப்பு என்றால் வேலை. வேலை முடிந்தால் ஓய்வு. தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம் இது. வயலும் தறியும் கட்டட வேலையும் இருந்தவரை அதில் தவறில்லை. வேலை நாற்காலிக்கு மாறியது, வழக்கம் மட்டும் மாறவில்லை. அந்த இடைவெளியில்தான் ஃபிட்னஸ் கருவிச் சந்தை கடை விரித்திருக்கிறது.

கர்லாக்கட்டை போனது, டிரெட்மில் வந்தது

உடற்பயிற்சிக் கருவி இந்தியாவுக்கு வெளியிலிருந்து வந்த சமாச்சாரம் என்று நினைக்க வேண்டியதில்லை. கர்லாக்கட்டை இங்கிருந்து போனது. 19-ம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தினர் அதைப் பார்த்துப் பழகி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். "இந்தியன் கிளப்" என்ற பெயரில் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் அது பரவி, 1904, 1932 ஒலிம்பிக்கில் போட்டியாகவே நடந்தது. தண்டால், பஸ்கி, கர்லா என்று ஊருக்கு ஊர் தேகப்பயிற்சிச் சாலைகள் இருந்த நாடு இது.

டிரெட்மில்லின் பூர்வீகம் வேறு. 1818-ல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்கு வேலை கொடுப்பதற்காக வடிவமைத்த மிதிசக்கரம்தான் அதன் மூதாதை. தண்டனையாகத் தொடங்கிய ஒன்று இன்று தவணை முறையில் விற்கிறது என்பது வரலாற்றின் குறும்பு.

இந்தியாவில் ஜிம் ஒரு தொழிலாக வளர்ந்த கதையும் நீளமானது. 1932-ல் மும்பையில் தொடங்கிய தல்வால்கர்ஸ், 2010-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2019-ல் கடன் பத்திரங்களுக்கு வட்டி கட்ட முடியாமல் தடுமாறியது. 2016-ல் பெங்களூருவில் பிறந்த கல்ட் நிறுவனம் குழுப் பயிற்சி, செயலி, சொந்த பிராண்டு டிரெட்மில் என்று கிளைவிட்டது. 2009-ல் இந்தியாவுக்கு வந்த பிரான்ஸ் நாட்டு டெக்கத்லான், 'பெரிய விளையாட்டுக் கடை' என்ற ஒன்றையே நடுத்தர வர்க்கத்துக்கு அறிமுகப்படுத்தியது. தம்பெல்லைத் தூக்கிப் பார்த்து, சைக்கிளை மிதித்துப் பார்த்து வாங்கலாம் என்ற பழக்கம் அப்படித்தான் பரவியது.

பொதுமுடக்கம் தந்த ஏற்றமும் இறக்கமும்

2020 மார்ச் 25 முதல் நாடு முடங்கியது. ஜிம்கள் திறக்க மத்திய அரசு அனுமதி தந்தது ஆகஸ்ட் 5-ல். இந்த நான்கு மாதத்துக்கும் மேலான இடைவெளியில் வீடே ஜிம் ஆனது. தம்பெல் கிடைக்காமல் தண்ணீர் கேனைத் தூக்கியவர்கள் உண்டு. வசதியுள்ளவர்கள் டிரெட்மில்லும் சைக்கிளும் வாங்கினார்கள். ஜிம் உரிமையாளர்களோ பூட்டிய கடைக்கு வாடகையும் கருவிக் கடனுக்குத் தவணையும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த அலை நிரந்தரம் என்று உலகமே நம்பியது. அமெரிக்காவின் பெலோட்டன் அதற்குச் சரியான சாட்சி. திரையுடன் கூடிய வீட்டு சைக்கிள் விற்ற அந்த நிறுவனத்தின் பங்கு, 2021 தொடக்கத்தில் 160 டாலரைத் தாண்டியது. ஜிம்கள் திறந்தன, தேவை சரிந்தது. 2022 பிப்ரவரியில் 2,800 ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தது. நிறுவனரே தலைமைச் செயல் அதிகாரி பதவியிலிருந்து விலகினார். பங்கு விலை உச்சத்திலிருந்து பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

இந்தியாவில் இவ்வளவு பெரிய சரிவு தெரியாததற்குக் காரணம், இங்கே அவ்வளவு பெரிய உயரமும் இல்லை என்பதுதான். ஆனால் அடையாளங்கள் ஒன்றேதான். பழைய பொருள் விற்கும் தளங்களில் "வாங்கி ஆறே மாசம், பத்து தடவைகூட ஓடல" என்ற ரீதியில் டிரெட்மில் விளம்பரங்கள் எப்போதும் கிடைக்கும். அதில் துணி காயப்போடுவது பற்றிய ஜோக் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ஜோக்காகச் சொன்னாலும், ஒரு மாதச் சம்பளம் அங்கே துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்மார்ட் வாட்ச் சந்தையும் இதே பாதையில்தான் போனது. ஐடிசி நிறுவனக் கணக்குப்படி 2023-ல் இந்தியச் சந்தைக்கு 13.4 கோடி அணிகருவிகள் வந்தன. கைக்கடிகாரம், காதுக்கருவி எல்லாம் சேர்த்து. 2024-ல் அது 11.9 கோடியாகக் குறைந்தது. ஸ்மார்ட் வாட்ச் மட்டும் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு சரிவு. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஆளுக்கொரு வாட்ச் வாங்கியாகிவிட்டது. அது சொல்லும் காலடிக் கணக்கில் நம்பிக்கையும் போய்விட்டது. முதல் தடவை ஆசையில் வாங்குவார்கள். பயன் தெரிந்தால்தான் இரண்டாவது தடவை வாங்குவார்கள். கருவிக் கம்பெனிகள் கவனிக்க வேண்டிய பாடம் இது.

இப்போது என்ன விற்கிறது?

சந்தையின் போக்கில் நான்கு மாற்றங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, கருவி சிறியதாகிறது. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் பெரிய டிரெட்மில்லுக்கு இடமில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய 'வாக்கிங் பேட்' என்ற மெலிந்த நடைக் கருவி அதனால்தான் பிரபலமாகிறது. மேலே மேசை, கீழே நடை என்று வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இதை விரும்புகிறார்கள். எடையை மாற்றிக்கொள்ளும் தம்பெல், ரப்பர் பட்டைகள், கதவில் மாட்டும் புல்-அப் கம்பி எல்லாம் இந்த வரிசைதான்.

இரண்டாவது, ஓட்டத்திலிருந்து எடைக்குக் கவனம் திரும்புகிறது. "எடை தூக்குவது பாடி பில்டருக்கு" என்ற எண்ணம் மாறி, 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் தசை வலு முக்கியம் என்று டாக்டர்களே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இதற்குப் புதிய மருந்துகளும் ஒரு காரணம். எடை குறைக்கும் ஊசி மருந்தான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. வேகமாக எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுக்க எடைப் பயிற்சி வேண்டும். ஊசி வந்தால் ஜிம் காலியாகிவிடும் என்று பயந்தவர்களுக்கு இது எதிர்பாராத திருப்பம்.

மூன்றாவது, சின்ன ஊர்கள். மாவட்டத் தலைநகரம் தாண்டி, தாலுகா ஊர்களிலும் கண்ணாடிச் சுவரும் நீல விளக்கும் உள்ள ஜிம்கள் முளைத்துவிட்டன. மாதம் எழுநூறு, எண்ணூறு ரூபாய்க் கட்டணத்தில் நடக்கும் இந்த ஜிம்கள்தான் எடைக் கருவிகளின் உண்மையான வாடிக்கையாளர்கள்.

நான்காவது, அடுக்குமாடிக் குடியிருப்புகள். நீச்சல் குளம், கிளப் ஹவுஸ் வரிசையில் ஜிம்மும் வீடு விற்கும் விளம்பரத்தில் கட்டாயமாகிவிட்டது. கட்டுமான நிறுவனம் கருவி வாங்கிப் போட்டுவிட்டுப் போய்விடும். இரண்டு வருடம் கழித்துப் பெல்ட் தேய்ந்ததும், "யார் காசு போடுவது?" என்று சங்கக் கூட்டத்தில் சண்டை நடக்கும்.

யார் செய்கிறார்கள்?

ஃபிட்னஸ் கருவியை இரண்டாகப் பிரித்தால் சந்தை புரியும்: மோட்டார் உள்ளது, மோட்டார் இல்லாதது.

பெஞ்ச், ரேக், புல்லி இயந்திரம், எடைத் தட்டு போன்றவை இரும்பும் வெல்டிங்கும்தான். எடை அதிகம் என்பதால் கப்பலில் கொண்டுவருவது செலவு. எனவே உள்நாட்டுத் தயாரிப்பு தாக்குப்பிடிக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் மீரட், பஞ்சாபின் ஜலந்தர் இரண்டும் இதன் பழைய மையங்கள். 1947 பிரிவினையின்போது பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர்கள் வேரூன்றிய விளையாட்டுப் பொருள் தொழிலின் கிளை இது. மும்பையின் ஜெராய் போன்ற நிறுவனங்கள் ஜிம்களுக்கான பெரிய இயந்திரங்களைச் செய்கின்றன. ஊர் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த பெஞ்சும் ஸ்குவாட் ரேக்கும் சின்ன ஊர் ஜிம்களில் சர்வ சாதாரணம்.

மோட்டார் உள்ள டிரெட்மில் கதை வேறு. மோட்டார், கன்ட்ரோல் போர்டு, திரை, பெல்ட் என்று முக்கியப் பாகங்கள் சீனாவிலிருந்து வருகின்றன. இந்தியப் பெயர் ஒட்டிய பல டிரெட்மில்கள், அங்கே செய்து இங்கே லேபிள் மாற்றியவை. ஒரே இயந்திரம் மூன்று பிராண்டில் மூன்று விலையில் கிடைப்பதன் ரகசியம் அதுதான். மேல்தட்டு ஜிம்களிலும் நட்சத்திர ஓட்டல்களிலும் இத்தாலியின் டெக்னோஜிம், அமெரிக்காவின் லைஃப் ஃபிட்னஸ், தைவான் ஜான்சன் குழுமத்தின் மேட்ரிக்ஸ் இயந்திரங்கள் நிற்கின்றன.

வரிக் குறைப்பு யாருக்கு லாபம்?

ஜிம் சந்தாவுக்கு 5 சதவீத வரி என்றதும் வாடிக்கையாளர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அதில் ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது. முன்பு 18 சதவீதம் வசூலித்த ஜிம், தான் வாங்கிய கருவிக்கும் கட்டிய வாடகைக்கும் கொடுத்த ஜிஎஸ்டியை அதில் கழித்துக்கொள்ளலாம். உள்ளீட்டு வரி வரவு என்பது இதுதான். 5 சதவீதமாகக் குறைத்தபோது அந்த வரவு எடுக்கப்பட்டுவிட்டது. கருவிக்குக் கொடுக்கும் 18 சதவீதம் இனி முழுக்க முழுக்க ஜிம்மின் செலவு.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 300 உறுப்பினர்கள், ஆளுக்கு வருடச் சந்தா 10,000 ரூபாய். முன்பு வரியோடு 11,800. இப்போது 10,500. உறுப்பினருக்கு 1,300 ரூபாய் மிச்சம்.

இனி ஜிம் பக்கம். 20 லட்சம் ரூபாய்க் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 3.6 லட்சம். கருவி ஐந்து வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 72,000. ஆளுக்கு 240 ரூபாய். மாத வாடகை 60,000 என்றால் அதற்கான ஜிஎஸ்டி வருடத்துக்கு 1,29,600. ஆளுக்கு 432 ரூபாய். இரண்டும் சேர்ந்து 672. ஜிம் உரிமையாளர் இதைக் கட்டணத்தில் ஏற்றினால், வாடிக்கையாளருக்கு வந்த 1,300-ல் பாதிக்கு மேல் திரும்பப் போய்விடும். மிச்சம் 600 சொச்சம்தான். மின்சாதனங்கள், பராமரிப்பு, விளம்பரம் எல்லாவற்றுக்கும் கொடுக்கும் வரியைச் சேர்த்தால் இன்னும் குறையும்.

இதைவிட மோசமான நிலை சின்ன ஊர் ஜிம்முக்கு. வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவை நிறுவனங்கள் ஜிஎஸ்டி பதிவுக்கே வர வேண்டியதில்லை. 150 பேர், மாதம் 800 ரூபாய் என்று நடக்கும் ஜிம்முக்கு வருட வரவு 14.4 லட்சம். அது முன்பும் வாடிக்கையாளரிடம் வரி வாங்கவில்லை, இப்போதும் வாங்குவதில்லை. எனவே சந்தா வரிக் குறைப்பால் அங்கே ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் கருவிக்கு 18 சதவீதம் அன்றும் கொடுத்தது, இன்றும் கொடுக்கிறது. குறைந்த கட்டணத்தில் உடற்பயிற்சியைக் கொண்டுசேர்க்கும் இடத்துக்குத்தான் சலுகை போய்ச் சேரவில்லை.

வீட்டுக்கு வாங்குபவருக்கும் இதே கதை. பள்ளிக்கும், பூங்காவில் கருவி வைக்கும் ஊராட்சிக்கும் இதே கதை. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது இந்தக் கருவிகளுக்கு 28 சதவீதம் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் 18-ஆகக் குறைத்தார்கள். அதாவது, தவறு என்று தெரிந்து ஒருமுறை திருத்தியது உண்டு. அடுத்த படி மட்டும் பாக்கி.

பெட்டியில் எழுதியிருப்பது உண்மையா?

வரி ஒரு பக்கம். விற்பனை முறை இன்னொரு பக்கம். வீட்டு டிரெட்மில் விளம்பரங்களில் பெரிதாக எழுதியிருப்பது மோட்டார் சக்தி: "4 ஹெச்பி", "5 ஹெச்பி". பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பீக்' என்று இருக்கும். பீக் என்றால் ஒரு கணம் எட்டக்கூடிய உச்சம். தொடர்ந்து ஓடும்போது கொடுக்கும் சக்தி அதில் பாதியாகக்கூட இருக்கலாம்.

பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஒரு ஹெச்பி என்பது 746 வாட். 5 ஹெச்பி என்றால் 3,730 வாட். வீட்டில் உள்ள சாதாரண 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தரக்கூடியது 1,380 வாட். இரண்டு ஹெச்பிகூட இல்லை. ஏசிக்குப் போடும் 16 ஆம்பியர் பிளக்கே 3,680 வாட்தான். அந்த "5 ஹெச்பி" மெஷின் சாதாரண பிளக்கில் ஓடுகிறது என்றால், அது தொடர்ந்து 5 ஹெச்பி தரவில்லை என்று அர்த்தம். வாங்குபவர் கேட்க வேண்டியது பீக் அல்ல, தொடர் சக்தி.

எடை தாங்கும் அளவிலும் இதே கண்கட்டு. 110 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால், 105 கிலோ உள்ளவர் தினமும் அதில் ஓடலாம் என்று அர்த்தமில்லை. நடப்பது வேறு, ஓடுவது வேறு. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் விழும் பாரம் உடல் எடையைவிடப் பல மடங்கு. பெல்ட்டின் நீளமும் அகலமும் குறைவாக இருந்தால் உயரமானவர்களுக்குக் கால் தடுக்கும். விலை மலிவான பிவிசி தம்பெல்களின் உள்ளே இருப்பது பெரும்பாலும் சிமென்ட். கீழே விழுந்து ஓடு உடைந்தால் கதை முடிந்தது.

சர்வீஸ் இன்னும் பெரிய பிரச்சினை. ஆன்லைனில் வாங்கினால் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கன்ட்ரோல் போர்டு போனால், மாநகரத்தில் ஆள் வருவார். தாலுகா ஊரில் "நீங்களே கொண்டு வாங்க சார்" என்பார்கள். 60 கிலோ மெஷினை எதில் ஏற்றிக்கொண்டு போவது? மோட்டாருக்கு மூன்று வருட வாரன்டி என்று பெரிதாக எழுதுபவர்கள், மற்ற பாகங்களுக்கு ஒரு வருடம் என்பதைச் சிறிதாக எழுதுகிறார்கள். முதலில் போவது பெரும்பாலும் அந்த மற்ற பாகங்கள்தான்.

பாதுகாப்பையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பெலோட்டனின் ஒரு டிரெட்மில் மாடல் சம்பந்தப்பட்ட விபத்துகளில் ஒரு குழந்தை இறந்ததை அடுத்து, 2021 மே மாதம் அமெரிக்காவில் சுமார் 1.25 லட்சம் இயந்திரங்கள் திரும்பப் பெறப்பட்டன. உடற்பயிற்சி இயந்திரங்களின் பாதுகாப்புக்கென்றே ஐஎஸ்ஓ 20957 என்ற சர்வதேசத் தரவரிசை இருக்கிறது. இந்தியாவில் டிரெட்மில் வாங்கும் எத்தனை பேர் அந்த எண்ணைப் பெட்டியில் தேடுகிறார்கள்? எத்தனை கடைக்காரர்களுக்கு அது தெரியும்? குழந்தைகள் இருக்கும் வீட்டில், பயன்படுத்தாதபோது அந்தச் சிவப்புப் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி எடுத்து வைக்க வேண்டும் என்பதைக்கூட விற்பவர் சொல்வதில்லை.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே!"

பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடல் உழைப்பு இல்லை என்ற எண்ணைக் கேட்டதும் பல வீடுகளில் வரும் பதில் இது. வீட்டு வேலை களைப்பைத் தரும், சந்தேகமே இல்லை. ஆனால் இதயத் துடிப்பைத் தொடர்ந்து ஏற்றி வைக்கும் பயிற்சியும், எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் பயிற்சியும் அதில் போதிய அளவு கிடைப்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்மானம் வேகமெடுக்கும் வயதில் இது முக்கியம்.

பெண்கள் ஜிம்முக்குப் போகாததற்குச் சோம்பல் காரணமல்ல. காலையில் சமையல், பிள்ளைகள், வேலை. மாலையில் திரும்பவும் அதே. தெருவில் நடக்கலாம் என்றால் நடைபாதையில் கடை, இருட்டில் பயம், நாய்த் தொல்லை. ஜிம்முக்குப் போனால், "இந்த வயசுல இது தேவையா?" என்ற பார்வை. இந்த நிலையில் வீட்டுக்குள் ஒரு மூலையில் நடைக் கருவி இருப்பது பல பெண்களுக்கு ஆடம்பரம் அல்ல. கிடைக்கும் ஒரே வழி. அந்த வழிக்கு ஏசிக்குப் போடும் வரியைப் போடுவதில் என்ன நியாயம்?

பூங்காவில் இருக்கும் சந்தை

எல்லோராலும் கருவி வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை. பூங்காக்களில் மழைக்கும் வெயிலுக்கும் நிற்கும் திறந்தவெளிக் கருவிகள் இன்று பல நகரங்களில் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் 2016-ல் ஊராட்சிகளில் பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் அமைக்கும் திட்டத்தை அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். 2023 நவம்பரில் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்ற 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் தொடங்கியது. நாட்டளவில் 2019 ஆகஸ்ட் 29, தேசிய விளையாட்டு தினத்தன்று பிரதமர் மோடி 'ஃபிட் இந்தியா' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். நோக்கத்தில் குறை இல்லை.

குறை பராமரிப்பில். கருவி வாங்க ஒதுக்கீடு கிடைக்கும், திறப்பு விழா நடக்கும், படம் வரும். அப்புறம் பேரிங் போகும், இருக்கை உடையும், போல்ட்டை யாரோ கழற்றிக்கொண்டு போவார்கள். கிரீஸ் வைக்க ஆளும் காசும் இருக்காது. பூட்டிக் கிடக்கும் உடற்பயிற்சிக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே ஊரில் பலருக்குத் தெரியாது. அரசு வாங்கும் ஒவ்வொரு கருவியோடும் ஐந்து வருடப் பராமரிப்பையும் சேர்த்து ஒப்பந்தம் போட்டால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் வாரத்தில் இரண்டு நாள் வந்தால் மீதிப் பாதியும் தீரும்.

எதிர்வாதங்களில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. "டிரெட்மில் வாங்குபவர் பணக்காரர், அவருக்கு எதற்கு வரிச் சலுகை?" என்பது ஒரு கேள்வி. செருப்புக்கும் துணிக்கும் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம் என்று இதே ஜிஎஸ்டியில் விலை வரம்பு இருக்கிறது. அதேபோல் கருவிக்கும் ஒரு வரம்பு வைக்கலாம். தம்பெல், எடைத் தட்டு, ரப்பர் பட்டை, ஆரம்ப நிலை சைக்கிள், நடைக் கருவி ஆகியவை 5 சதவீதத்தில் வரட்டும்; லட்சக்கணக்கில் விற்கும் இத்தாலிய இயந்திரம் 18-லேயே இருக்கட்டும்.

"வரியைக் குறைத்தால் சீன இறக்குமதிக்குத்தான் லாபம்" என்பது இன்னொரு கேள்வி. உள்நாட்டுத் தொழிலைக் காக்க சுங்க வரி என்ற தனி ஆயுதம் இருக்கிறது. ஜிஎஸ்டி, மீரட்டில் செய்த பெஞ்சையும் சீனாவிலிருந்து வந்த பெஞ்சையும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. அதை வைத்து உள்நாட்டுத் தொழிலைக் காக்க முடியாது.

"நடக்கக் கருவி எதற்கு? கால் போதுமே!" என்பது மூன்றாவது, வலுவானதும்கூட. உண்மைதான். தண்டாலுக்கும் பஸ்கிக்கும் ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் மூட்டு வலி உள்ள 60 வயதுக்காரருக்கு எதிர்ப்புப் பட்டையும், பக்கவாதத்திலிருந்து மீள்பவருக்குக் கைப்பிடியுள்ள சைக்கிளும், காற்று மாசில் திணறும் டெல்லியின் குளிர்காலத்தில் வீட்டுக்குள் நடக்க ஒரு கருவியும் தேவைப்படுகின்றன.

என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியவை மூன்று. விலை வரம்போடு கருவி வரியைக் குறைப்பது ஒன்று. தொடர் மோட்டார் சக்தி, தாங்கும் எடை, உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்ற மூன்று தகவல்களைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போடச் சொல்வது இரண்டாவது. ஏசிக்கு நட்சத்திர முத்திரை ஒட்டும் நாட்டில் இது முடியாத காரியம் இல்லை. பொது இடக் கருவிகளுக்குப் பராமரிப்பு நிதியைக் கட்டாயமாக்குவது மூன்றாவது.

கம்பெனிகள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சின்ன ஊர்களில் சர்வீஸ் ஆட்களை வளர்ப்பது. இரு சக்கர வாகனங்கள் கிராமம் வரை போனதற்குத் தவணைத் திட்டம் மட்டும் காரணமல்ல. ஒவ்வொரு ஊரிலும் ஒரு மெக்கானிக் இருந்தார். டிரெட்மில்லுக்கு அந்த மெக்கானிக் இன்னும் பிறக்கவில்லை. ஐடிஐ படித்த இளைஞருக்கு இது ஒரு தொழிலாகவே ஆகலாம்.

வாங்குபவர்களுக்கும் ஒரு எளிய சோதனை உண்டு. டிரெட்மில் வாங்க நினைப்பவர் முதலில் இரண்டு மாதம் தெருவிலோ மொட்டை மாடியிலோ தினமும் அரை மணி நேரம் நடக்கட்டும். நடக்க இடமே இல்லாதவர், தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடக்கும் கருவியை இரண்டு மாதத்துக்குக் கேட்டு வாங்கிப் பழகலாம். கொடுப்பவர்களுக்கும் வீட்டில் இடம் மிச்சம். 60 நாளில் 45 நாள் நடந்தவருக்குக் கருவி உதவும். 10 நாள்கூட நடக்காதவருக்கு, எத்தனை ஹெச்பி மோட்டார் இருந்தாலும் அது ஓடாது.

உடல் உழைப்பு குறைந்ததால் வரும் நோய்களுக்கு மருந்துச் செலவு எவ்வளவு ஆகிறது என்று சர்க்கரை நோயாளி இருக்கும் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும். அந்தச் செலவைத் தள்ளிப்போட உதவும் ஒரு ரப்பர் பட்டைக்கும் ஒரு ஜோடித் தம்பெல்லுக்கும் கிரிக்கெட் மட்டைக்குரிய வரியைப் போட்டால், அரசின் வருமானம் கொஞ்சம் குறையும். அரசு மருத்துவமனையில் மாத்திரைக்கு நிற்கும் வரிசையும் குறைந்தால், அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.